பாட்டியின் ஒப்பாரியும் பேரனின் பாட்டும்

இந்தக் காலத்துப் பிள்ளைகள் கேட்பதைப் பாட்டு என்று ஒப்புக்கொள்ள உங்களுக்கு மனம் வருகிறதா? “ராகமும் இல்லை, ஒன்றும் இல்லை, சந்தையில் சண்டை போடுவதுபோல் சொல்லைக் கொட்டுகிறார்கள்” என்று பெரியவர்கள் அலுத்துக்கொள்வதை ஜெஞ்சாரோம், பந்திங் வட்டாரத்துத் தோட்ட வீடுகளிலும் கேட்கலாம். கிள்ளான், பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடி வீடுகளிலும் கேட்கலாம். பிள்ளைகளோ, “உங்களுக்கு என்ன தெரியும்?” என்று காதில் கருவியைச் செருகிக்கொண்டு போய்விடுகிறார்கள்.

ராப், ஹிப்ஹாப் என்று பெயர் சொல்லி அவர்கள் கேட்கும் இந்தப் பாட்டு எங்கே பிறந்தது என்று விசாரித்தால் உங்களுக்கு வியப்பாக இருக்கும். அதன் வேர் தோட்டத்தில் இருக்கிறது. நிரை பிடித்து வேலை செய்த கூலி மக்களின் வாயிலிருந்து வந்த பாட்டு அது. அதைவிட வியப்பு, அண்மைக் காலத்தில் தமிழில் உலகெங்கும் ஒலித்த ஹிப்ஹாப் பாட்டு ஒன்று, தேயிலைத் தோட்டத்தோடு உறவுடைய ஒரு பாட்டியின் கதையிலிருந்து பிறந்தது. அந்தப் பாட்டின் கதையைத்தான் இந்த வாரம் உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம்.

வள்ளியம்மாளின் பேரன்

2021-ஆம் ஆண்டு மார்ச் மாதம் 7-ஆம் நாள் ‘என்ஜாய் எஞ்சாமி’ என்ற பாட்டு யூடியூப்பில் வெளிவந்தது. பாடியவர்கள் இருவர். ஒருவர் தீ. ‘மாரி 2’ படத்தில் தனுஷோடு ‘ரவுடி பேபி’ பாடிய அதே பெண்தான். மற்றவர் அறிவு. தமிழ்நாட்டில் அரக்கோணத்தைச் சேர்ந்த இளைஞர். 2018-ல் சென்னையில் மேடையேறிய ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழுவிலும், 2019-ல் வந்த ‘தெருக்குரல்’ என்ற இசைத்தொகுப்பிலும் சாதிக் கொடுமையைச் சாடிப் பாடியவர். பாட்டைத் தயாரித்தவர் இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன். அந்த ஆண்டு முடிவதற்குள் இருபது கோடி தடவைக்கு மேல் அந்தப் பாட்டு பார்க்கப்பட்டது. தமிழ் தெரியாத ஊர்களில்கூடப் பிள்ளைகள் அதற்கு ஆடினார்கள்.

ஆடியவர்களில் எத்தனை பேருக்கு அதன் பொருள் தெரியுமோ! அறிவின் பாட்டி பெயர் வள்ளியம்மாள். அவர்கள் குடும்பத்து முன்னோர் பிழைப்புத் தேடி இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போனவர்கள். பிறகு தமிழ்நாட்டுக்குத் திரும்பி வந்தபோது சொந்தமென்று சொல்லிக்கொள்ள ஒரு துண்டு நிலமில்லை. பாட்டி சொன்ன கதைகளைத்தான் அறிவு பாட்டாகக் கட்டினார். தோட்டத்தை வளர்த்தவளுக்கு அந்தத் தோட்டத்தின் பயன் எட்டவில்லையே என்பது அந்தப் பாட்டின் நடுவில் வரும் குமுறல். ‘எஞ்சாமி’ என்பது என் சாமி. பேரப்பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு நம் பாட்டிமார் கொஞ்சுகிற அதே சொல்.

இலங்கைத் தோட்டத் தமிழரின் கதை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். காப்பித் தோட்டத்துக்கும் பிறகு தேயிலைத் தோட்டத்துக்கும் கொண்டுபோகப்பட்ட அந்த மக்கள், 1948-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்கள் ஆனார்கள். 1964-ல் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் ஓர் ஒப்பந்தம் செய்தார்கள். 5 லட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 லட்சம் பேர் இலங்கைக்கு, மீதி ஒன்றரை லட்சம் பேரைப் பற்றிப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று மனிதர்களைப் பங்கு பிரித்தார்கள். அந்த மக்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

சிவப்பு அடையாளக் கார்டையும் நீல நிற அடையாளக் கார்டையும் நினைத்துப் பெருமூச்சு விடுகிற பெரியவர்கள் நம் நாட்டுத் தோட்டங்களிலும் இருக்கிறார்கள். அவர்களுக்கு இந்தக் கணக்கை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

ஒப்பாரி எப்படிப் பாட்டாகிறது?

இந்தப் பாட்டில் தீயின் குரலைக் கவனித்துக் கேளுங்கள். அடித்தொண்டையிலிருந்து எழும்பும் அந்த நாதத்தில் ஓர் ஏக்கம் இருக்கும். மேல்நாட்டார் ‘சோல்’ என்று சொல்லும் பாட்டின் சாயல் அது. அறிவின் குரலில் நம் ஒப்பாரியின் இழுப்பு இருக்கும். அடுத்த நொடியே அது மாறி, தாளத்தின்மேல் சொற்களை அடுக்கும் ராப் ஆகும். கறுப்பின மக்களின் சோலும் நம் ஒப்பாரியும் ஒரே பாட்டில் இப்படி இழைந்து நிற்பது எப்படி? அதற்கு அமெரிக்காவின் பருத்திக் காட்டுக்குப் போக வேண்டும்.

மிசிசிப்பி ஆற்றை ஒட்டிய சமவெளியில் கண்ணுக்கெட்டிய தூரம் பருத்தி. அதை விதைத்ததும் பறித்ததும் ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துவரப்பட்ட கறுப்பின அடிமைகளும் அவர்கள் வழி வந்தவர்களும். நம் முன்னோர் ஒப்பந்தத்திலும் கங்காணியின் கடனிலும் வந்தவர்கள். அவர்களோ சந்தையில் விலை கூறி விற்கப்பட்டவர்கள். இரண்டையும் சமமென்று சொல்லிவிட முடியாது. ஆனாலும் 1865-ல் அடிமை முறை ஒழிந்த பிறகு அவர்கள் வாழ்ந்த வாழ்க்கை நமக்குப் பழக்கமானதுதான். முதலாளியின் நிலம், முதலாளியின் கடை, கடையில் கடன், கடன் தீரும்வரை ஊரை விட்டு நகர முடியாத நிலை.

அந்தக் காட்டில் ஒருவர் முன்னே பாட, மற்றவர்கள் பின்னே வாங்கிப் பாடினார்கள். நாற்று நடவிலும் கும்மியிலும் நாம் செய்வது போலவேதான். அந்தப் பாட்டிலிருந்து வந்ததுதான் ‘புளூஸ்’. அதன் கட்டுமானம் மிக எளியது. ஓர் அடியைப் பாட வேண்டும். அதையே திரும்பப் பாட வேண்டும். மூன்றாம் அடியில் அதற்குப் பதில் சொல்ல வேண்டும். நம் வழக்கில் வைத்துச் சொன்னால், “சங்கு ஊதிப் போச்சு, உலையில சோறு வேகலையே” என்று ஓர் அடி. அதையே மறுபடி ஒருமுறை. பிறகு, “வெந்த சோத்தக் கட்டி வந்தா பெரட்டுல என் பேரு இல்லையே” என்று முடிவு. முதல் இரண்டு அடியிலும் துக்கம். மூன்றாவதில் துக்கத்தோடு ஒரு குறும்பும் சேர்ந்துகொள்ளும். அழுதுகொண்டே சிரிக்கின்ற கலை அது.

டிராக்டர் ஓட்டி பாடகரானார்

1941-ஆம் ஆண்டு நடந்ததைக் கேளுங்கள். மிசிசிப்பியில் ஸ்டோவால் என்ற பருத்தித் தோட்டத்துக்கு, அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்துக்காக நாட்டுப்பாடல் திரட்டிய ஆலன் லோமாக்ஸ் என்பவரும், ஃபிஸ்க் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜான் வொர்க் என்ற கறுப்பினப் பேராசிரியரும் ஒலிப்பதிவுக் கருவியோடு வந்தார்கள். அங்கே டிராக்டர் ஓட்டிக்கொண்டிருந்த மெக்கின்லி மோர்கன்ஃபீல்ட் என்ற இளைஞரைப் பாடச் சொல்லிப் பதிவு செய்தார்கள். தம் குரலைத் தாமே முதன்முதலாகக் கேட்டபோதுதான் தம்மால் பாட முடியும் என்ற நம்பிக்கை பிறந்ததாக அவர் பிற்காலத்தில் சொன்னார். 1943-ல் ரயிலேறி சிக்காகோ நகருக்குப் போனார். மடி வாட்டர்ஸ் என்ற பெயரில் உலகமே அறிந்த புளூஸ் பாடகரானார்.

காட்டிலிருந்து பட்டணத்துக்கு வந்த அந்தப் பாட்டு தேவாலயப் பாட்டோடு கலந்தது. அந்தக் கலப்புக்குத்தான் ‘சோல்’ என்று பெயர் வந்தது. ஆன்மா என்று பொருள். அதன் அரசி என்று போற்றப்பட்ட அரீதா ஃபிராங்க்ளின் டெட்ராய்ட் நகரத்துப் போதகர் ஒருவரின் மகள். அப்பாவின் தேவாலயத்தில் பாடிப் பழகிய குரல் அது.

பிறகு 1973, ஆகஸ்ட் 11. நியூயார்க் நகரத்தில் ஏழைகள் வாழும் பிராங்ஸ் வட்டாரம். ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் கூடத்தில் சிறுவர் சிறுமியர் கூடி ஆடினார்கள். ஜமேக்காவில் பிறந்த கூல் ஹெர்க் என்ற இளைஞர் இசைத்தட்டுகளைச் சுழற்றினார். பாட்டின் நடுவே குரல் நின்று வெறும் தாளம் மட்டும் ஒலிக்கிற சில வினாடிகள் வருமல்லவா? அந்த இடத்தில்தான் கூட்டம் துள்ளி ஆடுகிறது என்பதைக் கவனித்த அவர், ஒரே இசைத்தட்டில் இரண்டு படிகளை வைத்துக்கொண்டு அந்தத் தாளத்தை மாற்றி மாற்றி நீட்டினார். அதன்மேல் பேச்சு வந்தது. பேச்சில் எதுகை மோனை வந்தது. ஹிப்ஹாப் பிறந்துவிட்டது!

வாத்தியம் வாங்கக் காசில்லாத பிள்ளைகள் அப்பா அம்மா வைத்திருந்த பழைய சோல் இசைத்தட்டுகளையே வாத்தியமாக்கிக்கொண்டார்கள். இதில் பெயரெடுத்த இருவர் பீட் ராக், சி.எல். ஸ்மூத். 1990-ல் ஒரு விபத்தில் இறந்துபோன தங்கள் நண்பனை நினைத்து 1992-ல் ஒரு பாட்டு வெளியிட்டார்கள். ஒருவர் பழைய இசைத்தட்டிலிருந்து சாக்சபோன் ஓசையை எடுத்துத் தாளத்தில் பொருத்தினார். மற்றவர் தம் தாயை, தாத்தாவை, தம்மை வளர்த்த மாமனை ஒவ்வொருவராக நினைத்துப் பாடினார். செத்தவரைச் சொல்லி, பெற்றவரைச் சொல்லி, உறவு முறையெல்லாம் சொல்லி அழுவதற்கு நம் ஊரில் என்ன பெயர்? ஒப்பாரிதானே! தீயும் அறிவும் செய்தது இதற்குத் தூரத்து உறவில்லை, நெருங்கிய உறவு.

நம் வீட்டுப் பிள்ளைகள்

இந்தக் கலை நம் மண்ணில் எப்போது வேர் விட்டது என்று கேட்பீர்கள். தமிழ்நாட்டுக்கும் முன்னாலேயே விட்டது என்று தாராளமாகச் சொல்லலாம். கோலாலம்பூரில் யோகி பி என்னும் தமிழ் இளைஞரும் நண்பர்களும் சேர்ந்து நடத்திய ‘பொயட்டிக் அம்மோ’ குழு, 1998-ல் வெளியிட்ட தன் முதல் இசைத்தொகுப்பில் ஆங்கிலம், மலாய், தமிழ், கண்டோனிஸ் என்று நான்கு மொழிகளில் ராப் பாடியது. நம் நாட்டுச் சந்தையில் நடந்தால் காதில் விழும் மொழிகள் எல்லாம் அதில் இருந்தன.

2006-ல் யோகி பி, எம்சி ஜெஸ், டாக்டர் பர்ன் என்ற இருவரோடு சேர்ந்தார். அந்த இருவருக்கும் ‘நட்சத்ரா’ என்று பெயர். மூவரும் வெளியிட்ட ‘வல்லவன்’ தொகுப்பு தமிழ் ஹிப்ஹாப்பில் ஒரு திருப்பம். அதில் எல்லோரையும் ஈர்த்தது ‘மடை திறந்து’. 1980-ல் வந்த ‘நிழல்கள்’ படத்தில் இளையராஜா இசையில் எஸ்.பி. பாலசுப்பிரமணியம் பாடிய பாட்டு உங்களுக்கு நினைவிருக்குமே! அந்தப் பழைய பாட்டை அடியில் வைத்து மேலே புதிய சொற்களை அடுக்கினார்கள். பிராங்ஸ் பிள்ளைகளுக்கு அப்பாவின் சோல் இசைத்தட்டு எப்படியோ, நம் பிள்ளைகளுக்கு அப்பாவின் இளையராஜா ஒலிநாடா அப்படி. தமிழ்நாட்டார் யோகி பி-யைக் கூப்பிட்டுத் திரைப்படத்தில் பாட வைத்தார்கள். ஆதி, ஜீவா இருவரும் ‘ஹிப்ஹாப் தமிழா’ என்ற பெயரில் முதல் தொகுப்பை வெளியிட்டது அதற்குப் பிறகு, 2012-ல்தான்.

ஆகவே அடுத்த முறை உங்கள் பேரன் அறைக்குள் ஏதோ முணுமுணுத்தால், உடனே அதட்டிவிடாதீர்கள். கொஞ்சம் நின்று கேளுங்கள். அடியில் உங்கள் காலத்துப் பாட்டு ஒன்று ஒளிந்திருக்கக்கூடும்.

பாட்டு யாருக்குச் சொந்தம்?

இனிப்பைச் சொன்னோம், கசப்பையும் சொல்ல வேண்டும்.

1970-ல் ஜேம்ஸ் பிரவுன் வெளியிட்ட ஒரு பாட்டில் கிளைட் ஸ்டபிள்ஃபீல்ட் என்பவர் சில வினாடிகள் தனியாக டிரம் அடித்திருந்தார். பிற்காலத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பாட்டுகள் அந்தத் தாளத்தை எடுத்துக்கொண்டன. உரிமைப் பத்திரத்தில் அவர் பெயர் இல்லாததால் அவருக்குச் சேர வேண்டிய பணம் சேரவில்லை. 2017-ல் அவர் காலமானார்.

‘எஞ்சாமி’க்கும் இந்தச் சங்கடம் வந்தது. 2021-ல் ஓர் இசைப் பத்திரிகையின் அட்டையில் அறிவின் படம் இல்லாதது கண்டு பலர் கேள்வி எழுப்பினார்கள். 2022 ஜூலையில் சென்னையில் நடந்த சதுரங்க ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அந்தப் பாட்டு மேடையேறியபோது அறிவு அங்கே இல்லை. பாட்டுக்குத் தாம் கொடுத்த உழைப்பைப் பற்றி அவர் மனம் நொந்து எழுதினார். அறிவின் பெயரை எங்கும் மறைக்கவில்லை என்று தீ பதில் சொன்னார்; அது கூட்டு உழைப்பில் உருவான பாட்டு என்று சந்தோஷ் நாராயணனும் விளக்கம் கொடுத்தார். 2024-ல் சந்தோஷ் நாராயணனே, இந்தப் பாட்டால் தங்களுக்கு ஒரு காசுகூட வந்து சேரவில்லை என்று வெளிப்படையாகச் சொன்னார்.

யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்புச் சொல்ல நாம் வரவில்லை. ஆனால் ஒன்றை எண்ணிப் பாருங்கள். பெயர் தெரிந்த பாடகர்களுக்கே இந்த நிலை என்றால், பெயர் எழுதப்படாமல் வெளிக்காட்டில் பாடிவிட்டுப் போன நம் பாட்டிமாரின் நிலை என்ன?

அவர்கள் பாடாமலா இருந்தார்கள்? விடிகாலை இருட்டில் பால்மரக் காட்டில் ஒரு நிரையிலிருந்து அடுத்த நிரைக்குக் குரல் கொடுத்தார்கள். கங்காணியைக் கேலி செய்தார்கள். கப்பலேறிய நாளைச் சொல்லி அழுதார்கள். சயாம் மரண ரயில் பாதைக்குப் போய்த் திரும்பாத கணவனை நினைத்து ஒப்பாரி வைத்தார்கள். ஆயாக் கொட்டகைத் தூளியில் பிள்ளைகளுக்குத் தாலாட்டுப் பாடினார்கள். நம் வட்டாரத்துக் கேரித் தீவில் பிறந்த முரசு நெடுமாறன் பல்லாண்டு உழைத்து 1997-ல் ‘மலேசியத் தமிழ்க் கவிதைக் களஞ்சியம்’ கொண்டுவந்தார். எழுதி அச்சேறிய கவிதைகளுக்கு அப்படி ஒரு பெட்டகம் கிடைத்தது. எழுத்தறியாத வாய்களில் இருந்த பாட்டுகளோ, அந்த வாய்கள் மூடும்போது கூடவே போய்க்கொண்டிருக்கின்றன. பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. லயம் உடைந்து அடுக்குமாடி வந்தது. நிரையில் குரல் கொடுத்துப் பாடிய கூட்டம் திசைக்கொன்றாய்ப் பிரிந்தது.

நீங்கள் செய்யக்கூடியது

ஸ்டோவால் தோட்டத்துக்கு அந்த இருவர் கனமான கருவியைக் காரில் ஏற்றிக்கொண்டு வர வேண்டியிருந்தது. உங்கள் சட்டைப்பையிலோ அதைவிட நல்ல ஒலிப்பதிவுக் கருவி இருக்கிறது. கைத்தொலைபேசியைத்தான் சொல்கிறோம்.

இந்த ஞாயிற்றுக்கிழமையே தொடங்கலாம். வீட்டில் பாட்டி இருந்தால் அருகில் உட்காருங்கள். “பாட்டு பாடு” என்று கேட்டால் வெட்கப்படுவார். “மரம் வெட்டும்போது என்ன பாடுவீங்க ஆயா?” என்று பேச்சுக் கொடுங்கள். தாலாட்டிலிருந்து தொடங்குங்கள், பேரப்பிள்ளையை மடியில் வைத்தால் தானாக வரும். ஒப்பாரியை வீட்டுக்குள் பாடக் கூடாது என்று தயங்கினால் வற்புறுத்த வேண்டாம். வாசலிலோ மரத்தடியிலோ பாட மனம் வரலாம். பாடிய பிறகு அவர் பெயர், எந்தத் தோட்டம், யாரிடம் கற்றார் என்பதையும் அவர் குரலிலேயே சொல்லச் சொல்லிப் பதிந்துகொள்ளுங்கள். பெயர் இல்லாத பாட்டை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்வார்கள். பதிந்ததை ஒரே கைத்தொலைபேசியில் விட்டு வைக்காமல் உறவினர் இரண்டு பேருக்காவது அனுப்பி வையுங்கள்.

இந்த வேலைக்கு உங்கள் பேரனையே துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள். ராப் பாடும் பையன் என்றால் இன்னும் நல்லது. தாளம் எங்கே விழுகிறது, எதுகை எங்கே நிற்கிறது என்று அவனுக்கு உடனே பிடிபடும். உறுமி மேளக் குழுவில் இருக்கும் பிள்ளை என்றால் பாட்டி பாடும்போதே அவன் கை தானாக மேசையைத் தட்டும்.

இளைஞர்களே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. அமெரிக்கப் பாடகர்கள் அணியும் சங்கிலியையும் தொப்பியையும் வாங்கி மாட்டிக்கொள்வது எளிது. அவர்கள் உயர்ந்தது தங்கள் தாத்தா பாட்டியின் பாட்டைக் குப்பையில் போடாமல் எடுத்து வைத்துக்கொண்டதால். உங்களுக்கும் அப்படியொரு சொத்து வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறது. அதை எடுத்துப் பாடும்போது, யார் பாடிய பாட்டு என்று பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள். அறிவு தம் பாட்டியின் பெயரைச் சொன்னதால்தான் வள்ளியம்மாளை இன்று உலகம் அறிந்திருக்கிறது. உங்கள் பாட்டியின் பெயர் என்ன?